கடனாகக் கொடுத்ததும் கொடையாகக் கொடுத்ததும்
ராஜா சர் அண்ணாமலை செட்டியார்: காங்கேயத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு



அரிசி ஆலையும் எண்ணெய் ஆலையும் நடத்துகிறவர்கள் நிறைந்த அவை இது. முதல் என்றால் என்ன, வட்டி என்றால் என்ன என்று உங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் லேவாதேவிக் குடும்பத்தில் பிறந்த ஒருவரின் வாழ்க்கையை இன்றைக்கு எடுத்துக்கொண்டேன். கானாடுகாத்தானில் 1881 செப்டம்பர் 30 அன்று பிறந்து 1948 ஜூன் 15 அன்று மறைந்தவர் ராஜா சர் அண்ணாமலை செட்டியார்.

அது ரயிலும் கப்பலும் ஊரை மாற்றிய காலம். சென்னையிலிருந்து வந்த தண்டவாளம் 1862-இலேயே போத்தனூரைத் தொட்டுவிட்டது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. 1877-இல் ரங்கூனிலிருந்து புரோமுக்கு ரயில் ஓடியது. பர்மா அரிசிக்கு உலகச் சந்தை கிடைத்ததும் கீழ்ப் பர்மாவின் காடும் சதுப்பும் நெல் வயலாயின. காட்டைத் திருத்தவும் விதைக்கவும் அறுக்கவும் குடியானவருக்குக் கைப்பணம் வேண்டும். வெள்ளைக்காரர் வங்கிகள் அவரை உள்ளே விடாது. அந்த இடத்தில் போய் உட்கார்ந்தவர்கள் அண்ணாமலை செட்டியாரின் சமூகத்தாரான நகரத்தார்.

அவர்களுடைய லேவாதேவிக் கடை நடந்த விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். ஊரிலிருந்து பெட்டியடிப் பையனாகப் போகிறவனுக்கு முதலில் எடுபிடி வேலைதான். கடையைக் கூட்டுவான், தண்ணீர் எடுத்து வைப்பான், பெரியவர்கள் கணக்கு எழுதுவதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பான். பிறகு அடுத்தாள், அதற்குப் பிறகு மேலாள். மேலாளுக்கு மூன்று வருடம் ஒரு கணக்கு. முடிந்ததும் ஐந்தொகை எடுத்து ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார். கோயிலுக்கும் தருமத்துக்கும் மகமை என்று பேரேட்டில் தனிப் பற்று உண்டு. லாபம் வந்த பிறகு தருமத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. அண்ணாமலை செட்டியாரின் பெருங்கொடைக்கு வேர் இந்தப் பழக்கத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

1906 அக்டோபரில் சென்னையில், மக்கள் பணம் போட்டு வைத்திருந்த அர்பத்நாட் கம்பெனி கவிழ்ந்தது. ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பு போயிற்று. முதலாளி சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைக்குப் போனார். அந்த அடிக்குப் பின் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று, நகரத்தாரின் துணையோடு 1907-இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார். அண்ணாமலை செட்டியாரின் தமையனார் ராமசாமி செட்டியாரும் அதை நிறுவியவர்களில் ஒருவர். அதே 1907 அக்டோபரில் நியூயார்க்கிலும் பணம் போட்டவர்கள் அதைத் திரும்ப வாங்க வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். நொடித்த ரயில் கம்பெனிகளைச் சேர்த்துக்கட்டிப் பேரெடுத்த ஜே.பி. மார்கன், வங்கிக்காரர்களைத் தம் நூலகத்துக்கு வரவழைத்துப் பணம் திரட்ட வைத்தார். 1913-இல் அவர் இறந்தார். அந்த நூலகத்தைப் பொதுவுக்கு விட்டது அவர் மகன், 1924-இல்.

நம்மவர் உயிரோடு இருக்கையிலேயே கொடுத்தார். 1920-இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரி. தமிழுக்கென்று அவர் தொடங்கிய கல்லூரிக்கு 1924 முதல் 1927 வரை உ.வே. சாமிநாதையர் முதல்வர். பிறகு கல்லூரிகளையும் அவற்றோடு 20 லட்சம் ரூபாயையும் ஒப்படைக்க, 1928-இல் சட்டம் இயற்றப்பட்டு 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. விபுலானந்த அடிகளும் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் பண்டிதமணி கதிரேசன் செட்டியாரும் தமிழ் சொல்லிக்கொடுத்த இடம் அது. மேடையில் தமிழ்ப் பாட்டுத் துக்கடாவாக ஒதுங்கியிருந்த காலத்தில், தமிழிசைக்கு இசைக் கல்லூரியும் 1943-இல் தமிழ் இசைச் சங்கமும் அவர் முயற்சியால் வந்தன. நம் கோவையின் ஆர்.கே. சண்முகம் செட்டியார், சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர், தமிழிசைக்குத் துணை நின்றவர். பின்னாளில் அந்தப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தார்.

இனிச் சொல்வதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 1930-இல் நெல் விலை சரிந்தது. பர்மியக் குடியானவரால் வட்டிகூடக் கட்ட முடியவில்லை. ஈடு வைத்த நிலம் கடைக்காரர் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில், 1930-இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த நகரத்தார் நிலம் 1930-களின் கடைசியில் 25 பங்காயிற்று. அந்த நிலத்தை அவர்கள் விரும்பி வாங்கவில்லை, பணமாகத் திரும்பினால் போதும் என்றுதான் இருந்தார்கள். ஆனால் நிலத்தை இழந்தவருக்கு அது ஆறுதலாகுமா? நெல் விளைவிக்கிறவரோடு நாள்தோறும் பழகுகிற உங்களுக்கு அந்த வலி தெரியும். சிதம்பரத்துக் கட்டடங்களில் தமிழ்நாட்டு உழைப்போடு பெயர் தெரியாத பர்மியரின் வியர்வையும் கலந்திருக்கிறது. பர்மாவுக்கு ஜப்பானியப் படை வந்தபோது கடைகள் மூடின. அண்ணாமலை செட்டியார் மறைந்த அதே 1948-இல் பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் செய்தது. கடனாகப் போனது அநேகமாகத் திரும்பவில்லை. கொடையாகப் போனதில் இன்றைக்கும் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

அந்தக் கொடையிலும் ஒரு பிடி இருந்தது. நிறுவனருக்கும் அவர் வாரிசுகளுக்கும் இணைவேந்தர் பதவி என்று 1928-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதப்பட்டது. தம் பிள்ளைபோல வளர்த்ததை விட்டு விலக மனம் வராது. அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் பொதுப்பணமும் சேர்ந்து நடக்கிற கல்விச்சாலையில் பரம்பரைப் பதவி இருக்கக் கூடாது என்றே நினைக்கிறேன். பதவிக்கு வருகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், கணக்குக் கேட்க வேண்டியவர்கள் தயங்கி நிற்பார்கள். நிதி நெருக்கடி முற்றி, 2013-இல் அரசு புதுச் சட்டம் கொண்டுவந்து பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டது. பரம்பரை உரிமை அப்போது முடிந்தது. அண்ணாமலை என்ற பெயரை அரசு மாற்றவில்லை. திருவேட்களத்து வளாகத்தில் தமிழ்த் துறையும் இசைத் துறையும் தொடர்ந்து நடக்கின்றன.