கேட்டுவிட்டுச் செய்வோம்



இங்கிலாந்து அரசின் 2001ஆம் ஆண்டு வெள்ளை அறிக்கைக்குப் பின், கவுண்டிச் சபைகளில் கற்றல் குறைபாடுள்ளோருக்கான ஆலோசனைக் குழுக்கள் அமைந்தன. நான் வசிக்கும் கவுண்டிக் குழுவில் நானும் ஒரு தொண்டர். குறைபாடுள்ளவர்களும் அங்கத்தவர்களே, பத்திரங்கள் எளிய வசனங்களிலும் படங்களிலும் வரும். ஆணையிடும் அதிகாரம் எமக்கில்லை. அதிகாரிகளிடம் கேள்வி கேட்கலாம்.

முதற் கூட்டத்தில் பஸ் பயணம் பற்றி ஓர் இளைஞரிடம் கேட்டார்கள். முந்திக்கொண்டு நான் பதில் சொன்னேன். "என்னிடம்தானே கேட்டார்கள்?" என்றார் அவர். வெட்கிப்போனேன்.

சேவை செய்ய இக்கல்லூரி கற்பித்தது. கேட்டுவிட்டுச் செய்ய அவர் கற்பித்தார். எமது சங்கத்தின் உதவிநிதிக் குழுவிலும், உதவி பெற்றுப் படித்த ஒருவருக்கு இந்த நூற்றாண்டிலாவது ஓர் ஆசனம் கொடுப்போம்.