அந்த 'ஜி' தோட்டம்

எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று அன்றாடம் சொல்கிறோம். சேர்க்கைக்கு விடிவதற்கு முன்பே வரிசையில் நிற்கிறோம். ஆனால் அந்தக் கடைசி எழுத்து 'ஜி' எதைக் குறிக்கிறது? ஜெர்மன் மொழியில் 'கார்ட்டன்', அதாவது தோட்டம். கிண்டர்கார்ட்டன் என்றால் குழந்தைகளின் தோட்டம். மொட்டை மாடியும் சிமெண்டுத் தரையுமாக நிற்கும் எத்தனையோ பள்ளிகளின் பெயர்ப்பலகையில் அந்தத் தோட்டம் ஒற்றை எழுத்தாக மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இந்தப் பெயரை 1840-ல் வைத்தவர் ஃப்ரீட்ரிக் ஃபுரோபெல். இளம் வயதில் வன அலுவலர் ஒருவரிடம் தொழில் பழகியவர். ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் 1837-ல் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கான தம் பணியைத் தொடங்கினார். அவருடைய திட்டத்தில் தோட்டம் பள்ளிக்கு அலங்காரமாக இல்லை. நடுவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தனிப் பாத்தி. சுற்றிலும் எல்லோருக்கும் சேர்த்துப் பொதுப் பாத்திகள். தண்ணீர் ஊற்ற மறந்தால் தன் பாத்தி வாடும். பொதுப் பாத்தி வாடினால் யாரைக் குறை சொல்வது? அந்தக் கேள்வியும் பாடம்தான். இப்படிப்பட்ட பள்ளிகளைக் கண்டு பிரஷ்ய அரசு பயந்து 1851-ல் தடை போட்டது என்றால் இன்று சிரிப்பு வரும். 1860-ல் தடை நீங்கியபோது ஃபுரோபெல் உயிரோடு இல்லை.

நம் பக்கத்திலும் ஒரு தொடர்பு உண்டு. 1939-ல் ஆசிரியர் பயிற்சி நடத்த அடையாறுக்கு வந்த கல்வியாளர் மரியா மாண்டிசோரி, உலகப் போரால் ஊர் திரும்ப முடியாமல் போக, சில ஆண்டுகள் கொடைக்கானலில் தங்கினார். இலையையும் பூச்சியையும் பிள்ளைகளோடு சேர்ந்து பார்த்துப் பார்த்துத்தான் இயற்கைப் பாடங்களை அங்கே வளர்த்தெடுத்தார்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில், பிள்ளைகள் தட்டுக் கழுவும் குழாயடியில் நிற்கும் கறிவேப்பிலைச் செடி ஒன்று போதும்.

அதன் இலைமேல் கறுப்பும் வெள்ளையுமாகக் காக்கை எச்சம் போல ஏதோ ஒட்டியிருக்கும். "டேய், எச்சம் நகருதுடா!" என்று ஒரு குரல் கிளம்பினால் அன்றைய அறிவியல் வகுப்பு தொடங்கிவிட்டது என்று பொருள். எச்சத்தைப் பறவை தின்னாது. அதனால் புழு அந்த வேடம் போடுகிறது. சில நாளில் தோல் உரித்து இலைப்பச்சையாகும். குச்சியால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செந்நிறக் கவட்டைக் கொம்பு ஒன்றை நீட்டும். மூக்கைப் பிடிக்க வைக்கும் வாடை. பிறகு தின்பதை நிறுத்தி, இடுப்பில் ஒரு பட்டிழையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகிவிடும். பத்து நாள் போல ஆனதும் கறுப்புச் சிறகில் வெள்ளைப் பொட்டு வரிசையோடு ஒரு பட்டாம்பூச்சி.

பெண்ணாக இருந்தால் இன்னொரு வேடமும் போடலாம். ஆடுதீண்டாப்பாளை என்ற செடி உண்டு. ஆடுகூட வாய் வைக்காது என்று பெயரே சொல்கிறது. அந்தக் குடும்பத்துச் செடிகளைத் தின்று வளரும் பட்டாம்பூச்சிகள் உடலில் நஞ்சு கொண்டவை. நம் கறிவேப்பிலைக்காரிகளில் பலர் அவற்றைப் போலவே சிவப்புப் புள்ளியோடு பிறக்கிறார்கள். நஞ்சு இல்லை, தோற்றம் மட்டும் கடன். இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் எத்தனை பிள்ளைக்கு நினைவிருக்கும்?

இத்தனையும் நடக்க ஒரு நிபந்தனை: இலை ஓட்டையாவதைப் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்றதும் செங்கல்லுக்கு வெள்ளையடித்து, குரோட்டன்ஸ் தொட்டிகளை வரிசையாக அடுக்கி, பூச்சிமருந்தும் தெளித்துவிட்டால் கண்ணுக்கு லட்சணமாகத்தான் இருக்கும். பார்க்கத்தான் ஒன்றும் இருக்காது.

சிரமங்கள் இல்லாமல் இல்லை. வேலி இல்லையென்றால் ஆடு ஒரே மதியத்தில் கணக்கை முடித்துவிடும். கிளுவைப் போத்து ஊன்றினால் கம்பி வேலிச் செலவு மிச்சம். மே மாத விடுமுறைதான் பெரிய சோதனை. கீரைப் பாத்தி காய்ந்துபோகும். முருங்கை தாக்குப்பிடிக்கும். பள்ளிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு குடம் ஊற்றினால் கறிவேப்பிலையும் பிழைத்துக்கொள்ளும்.

ஜூனில் பள்ளி திறந்ததும் சத்துணவுக் கூடத்திலிருந்து தாளிப்புக்கு இலை பறிக்க ஆயாம்மா வருவார். அவருக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் ஓடிப் போய்ச் செடியை மறித்து நிற்பார்கள்.

"ஆயாம்மா, இந்தக் கிளையை மட்டும் விட்டுடுங்க. கூடு கட்டியிருக்கு."