பழைய சாமானில் இருக்கும் பணம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் உறுப்பினர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, கடன், தவணை எல்லாம் பேசி முடிச்சாச்சு. எனக்குக் கொஞ்ச நேரம் கொடுத்திருக்காங்க. நான் பேச வந்தது பழைய சாமானைப் பற்றி. அதுல பேச என்ன இருக்குன்னு பின்னாடி சில பேர் சிரிக்கிறது தெரியுது. பழைய ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்னு தெருவில் கூவிக்கொண்டு வந்த காலத்தில், எத்தனை பித்தளையைக் கொடுத்து எத்தனை பழம் தின்றோம் என்று கணக்குப் போட்டால் சிரிப்பு வராது. இப்போ பழத்துக்குப் பதில் பிளாஸ்டிக் குடம், பக்கெட்டு. அவ்வளவுதான் வித்தியாசம்.

காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருன்னு ஒரு தெரு இருக்கு. வரிசையாகப் பழைய சாமான் கடைகள். நகரத்தார்கள் பர்மா, மலாயா, இலங்கை என்று கடல் கடந்து தொழில் செய்த காலத்தில், அரண்மனை மாதிரி வீடு கட்டி, அதில் பர்மாத் தேக்கும் வெளிநாட்டு மங்குச் சாமானும், அதாவது எனாமல் பாத்திரமும், அறை அறையாக நிரப்பினார்கள். 1942இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்த தொழில் முறிந்து போனது. பிறகு தலைமுறை பெருகி, ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள். வீட்டைப் பிரிக்கும்போது சாமானெல்லாம் இந்தத் தெருவுக்கு வருது. நம்ம ஊரு ஆட்களும் வாங்குறாங்க, வெளிநாட்டுக்காரங்களும் வந்து வாங்குறாங்க.

அந்தக் கடைக்காரர்களிடம் நாம் படிக்க வேண்டியது ஒன்று. எந்தச் சாமானைக் கையில் எடுத்தாலும் முதலில் கவிழ்த்து அடியைப் பார்ப்பார்கள். நாம மேலே இருக்கிற பளபளப்பைப் பார்ப்போம். அடியில்தான் சங்கதி. எந்த நாட்டில் செய்தது என்ற முத்திரை அங்கேதான் இருக்கும். செக்கோஸ்லோவாக்கியா என்று இருந்தால் அது 1918க்கு அப்புறம் செய்தது. அந்த நாடு 1993 பிறந்ததும் இரண்டாகப் பிரிந்துவிட்டது, அதனால் அதற்கு முந்தியது. படிப்பு குறைவா இருந்தாலும் பரவாயில்லை. பள்ளிக்கூடம் போற பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்க. எனாமல் பெயர்ந்த பாத்திரத்தில் மட்டும் சமைக்காதீங்க.

சரி, நம்ம வீட்டுக்கு வருவோம். நம்மகிட்ட மங்குச் சாமான் இல்லை. ஆனால் பரணில் அம்மா கொடுத்த அண்டா இருக்கு, மாமியாரோட வெண்கலப் பானை இருக்கு. வியாபாரி வந்தால் எல்லாவற்றையும் பித்தளை என்று ஒரே தட்டில் வைப்பார். இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. துத்தநாகம் செம்பைவிட மலிவு. வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் கலந்தது. வெள்ளீயம் செம்பைவிடப் பல மடங்கு விலை. அப்போ வெண்கலத்தைப் பித்தளை விலைக்குப் போட்டால் நஷ்டம் யாருக்கு?

எப்படிக் கண்டுபிடிக்கிறது? பாத்திரத்தை ஐந்து விரலில் தாங்கி, கரண்டிக் காம்பால் மெல்லத் தட்டுங்க. வெண்கலம் கோயில் மணி மாதிரி நீளமாக ஒலிக்கும். கோயில் மணியும் வெண்கலம்தானே. பித்தளை சத்தம் சீக்கிரம் அடங்கிவிடும். கீழே விழுந்தால் பித்தளை நசுங்கும், வெண்கலம் கீறல் விடும். கீறல் விட்ட வெண்கலம் சரியாக ஒலிக்காது, அதனால் காதை மட்டும் நம்பாமல் கண்ணாலும் பாருங்க. உள்ளே ஈயம் பூசியிருந்தால் வெளியில் ஓர் ஓரத்தைப் புளி போட்டுத் தேயுங்கள். செக்கச் சிவந்து வந்தால் செம்பு. ஒரு காந்தம் வாங்கிச் சங்கப் பெட்டியில் போட்டு வையுங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே பூச்சு.

இன்னொன்று, ரொம்ப முக்கியம். ரசம் வைக்கிற ஈயச் சொம்பு. மங்கிப் போய் அலுமினியம் மாதிரியே இருக்கும். அலுமினியத்தோடு சேர்த்து எடைக்குப் போட்ட வீடுகள் எத்தனையோ. அது வெள்ளீயம், அலுமினியத்தைவிடப் பல மடங்கு விலை. கையில் எடுத்தாலே தெரியும், அதே அளவு, அதே தடிமன் அலுமினியச் சொம்பைவிட இரண்டரை மடங்குக்கு மேல் கனக்கும். தண்ணீர் இல்லாமல் அடுப்பில் வைத்தால் உருகிவிடும், அதனால் தீயில் காட்டிச் சோதிக்காதீங்க. பழைய சொம்பில் காரீயம் கலந்திருக்கவும் கூடும். காரீயம் விஷம், பிள்ளைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும். அதனால் எங்கே வாங்கியது என்று தெரியாத சொம்பை எடைக்கு விற்கலாம், ரசம் வைக்கக் கூடாது.

விற்கும்போது ஒற்றை ஆளாக வாசலில் நின்று விற்காதீங்க. டவுனில் இரண்டு பாத்திரக் கடைக்குப் போன் போட்டு அன்றைய விலையைக் கேளுங்க. செம்பு, பித்தளை, வெண்கலம், ஈயம் தனித்தனியா கேட்கணும். நாமே ஒரு தராசில் எடை போட்டுத் தாளில் எழுதி வைக்கணும். குழுவில் ஐந்தாறு பேர் விற்பதாக இருந்தால் சேர்த்து எடுத்துக்கொண்டு போகலாம். அழுக்குக் கழிவு, வளையக் கழிவு என்று கடைக்காரர் கழிக்கும்போது, ஆறு பெண்கள் எதிரே நின்றால் கழிவு தானாகக் குறையும்! பழைய வேலைப்பாடுள்ள குத்துவிளக்கு, செல்லம், அஞ்சறைப் பெட்டி மாதிரி இருந்தால் எடைக்குப் போடவே போடாதீங்க, மெஷின் பாலிஷும் போடாதீங்க. அந்தப் பழமைக்குத்தான் காசு. தேய்த்துப் புதுசாக்கினால் அது வெறும் பித்தளைதான்.

விற்கிறது யார் என்றும் கேட்கணும். குடிக்கக் காசில்லை என்றால் வீட்டை விட்டு முதலில் போவது பித்தளை அண்டா. இது இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும், வெளியில சொல்றதில்லை. தாய் வீட்டிலிருந்து வந்த சீர் உங்கள் சொத்து. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் 14ஆவது பிரிவு, பெண்ணிடம் உள்ள சொத்துக்கு அவளே முழு உரிமையாளர் என்று சொல்லுது. பெயர் வெட்டிய பாத்திரம் என்றால் சாட்சியும் அதிலேயே இருக்கு. பெயர் வெட்டாததை ஒரு நோட்டில் எழுதி, எடையும் போட்டு வையுங்கள். எடைக் கடைக்காரர்களிடமும் குழுவாகப் போய், நாங்க கூட வராம எங்க வீட்டுச் சாமானை வாங்காதீங்க என்று சொல்லி வைக்கலாம். சொல்வதில் தப்பே இல்லை.

இனி வாங்குகிற பக்கம். வாடகைப் பாத்திரம் வைக்க நினைக்கிற குழுக்கள் புதுசாகத்தான் வாங்கணும் என்றில்லை. புதுப் பாத்திரத்தில் உலோக விலையோடு செய்கூலியும் கடை லாபமும் சேருது. பழைய அண்டா, கொப்பரை, தவலை எல்லாம் பெரும்பாலும் உலோக விலைக்குக் கொஞ்சம் மேலேதான் கிடைக்கும். நாளைக்குத் தொழில் நின்றாலும் எடைக்குப் போட்டால் போட்ட பணத்தில் பெரும்பகுதி திரும்பும். வாங்கும்போது வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து ஓட்டை தெரியுதா பாருங்க. பற்ற வைத்த இடம் இருந்தால், தண்ணீர் ஊற்றிக் கசிவு பார்த்த பிறகே காசு கொடுங்க. ஈயம் போயிருந்தால் பூசுகிற செலவையும் கணக்கில் சேருங்க. ஈயம் இல்லாத பித்தளையில் புளிக் குழம்பு வைக்கக் கூடாது.

தையல் மெஷினும் அப்படித்தான். பழைய கறுப்பு உஷா, சிங்கர், மெரிட் மெஷின்கள் எண்ணெய் போட்டுப் பார்த்துக்கொண்டால் தலைமுறைக்கும் உழைக்கும். பெயின்ட் போயிருந்தால் கவலையே வேண்டாம், விலை குறைக்கக் கேட்க அதுவே நல்ல சாக்கு. சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்க, எங்கேயும் பிடிக்கக் கூடாது. ஊசிக்குக் கீழே துணியை நகர்த்தும் பல்லைத் தடவுங்க, கூர் தேய்ந்திருந்தால் துணி ஓடாது. அப்புறம் தகட்டைத் தள்ளி பாபின் எப்படி இருக்கு என்று பாருங்க. வட்டமான பாபின் என்றால் உதிரிப் பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். படகு மாதிரி நீளமான ஷட்டில் உள்ள மிகப் பழைய மெஷின் பார்க்க ரொம்ப அழகு. ஆனால் ஷட்டில் தொலைந்தால் அலையணும். பிழைப்புக்கு அது வேண்டாம். கடையில் இருக்கிற துணியில் தைத்துக் காட்டுவார்கள். நீங்க உங்க துணியைக் கொண்டு போங்க, ஒரு மெல்லிசு, ஒரு தடிமன்.

ஒரு எச்சரிக்கை. யாராவது பழைய சாமி சிலை, ஓவியம் மலிவாகத் தருகிறேன் என்றால் தொடாதீங்க. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும், வெளிநாட்டுக்கு அனுப்பவும் தடை என்று 1972ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கு. கோயிலில் திருடியதாகவும் இருக்கலாம். ஊரணி தூர் வாரும்போதோ வீட்டுக்கு வானம் தோண்டும்போதோ காசுப் பானை, சிலை கிடைத்தால் பங்கு பிரிக்காமல் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லிவிடுங்கள். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும், மறைத்தால் தண்டனை.

நேரம் ஆயிடுச்சு, பஸ்ஸுக்குப் போறவங்க எழுந்திருக்கிறாங்க. அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது குழுவுக்கு ஒருத்தர் பரணில் இருக்கிற ஒரு பாத்திரத்தை எடுத்துக்கிட்டு வாங்க. கழுவ வேண்டாம். நான் தராசும் காந்தமும் கொண்டு வர்றேன். எல்லாரும் தட்டிப் பார்ப்போம்.