நூற்று முப்பத்து நான்காம் இடம்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விளையாட்டைப் பற்றிப் பேசுவோர் உலகத்தை வென்றவர்களைப் பற்றியே பேசுவது வழக்கம். நாம் இன்று எடுத்துக்கொண்டிருப்பதோ, உலகத் தரவரிசையில் 134 ஆம் இடத்துக்கு மேல் ஏறாத ஒரு தமிழ்ப் பெண்ணின் வரலாறு. அவர் பெயர் நிருபமா வைத்தியநாதன். அவர் ஆடியது டெனிஸ்.

1976 ஆம் ஆண்டு கோயம்புத்தூரிற் பிறந்த நிருபமாவுக்கு முதற் பயிற்சியாளர் அவருடைய தந்தையாரே. பதினான்காம் வயதில் இந்தியத் தேசிய மகளிர் பட்டம் அவர் கைக்கு வந்தது. அந்த அளவில் நின்றிருந்தால் ஊரார் மெச்சும் வெற்றி வீராங்கனையாகவே இருந்திருப்பார். அவரோ கடல் கடந்து, தம்மிலும் வலியவர்கள் ஆடும் களங்களைத் தேடிப் போனார்.

அக்களங்களின் ஒழுங்கைச் சிறிது விளக்குதல் வேண்டும். டெனிஸ் ஆட்டக்காரிக்கு மாதச் சம்பளம் கிடையாது. வென்றால் பரிசுப் பணமும் புள்ளிகளும் உண்டு. அப்புள்ளிகளும் 52 வாரங்கள் கழிந்ததும் கணக்கினின்று நீங்கிவிடும்; சென்ற ஆண்டு வென்றதை இவ்வாண்டும் வென்றாலன்றி இடம் நிலையாது. பெரும் போட்டிகளின் மகளிர் ஒற்றையர் ஆட்டத்தில் 128 இடங்கள் உள்ளன. இன்றைய ஒழுங்கின்படி 104 இடங்கள் தரவரிசைக்கும், 8 இடங்கள் அமைப்பாளரின் அழைப்புக்கும் உரியன. எஞ்சிய 16 இடங்களுக்கு, வெளியே நிற்பவர்கள் மூன்று சுற்றுக்கள் தமக்குள் ஆடி வெல்ல வேண்டும். கொட்டியாரக் குடாவில் நங்கூரமிட்டு, உட்துறைமுகத்துக்குள் வர முறை பார்த்து நிற்கும் கப்பல்களை நாம் அறிவோம். 134 ஆம் இடத்தவளின் நிலையும் அதுவே. பயணச் செலவு, தங்குமிடம், பயிற்சியாளரின் ஊதியம் யாவும் அவள் தலைமேல். சிறு போட்டிகளில் முதற் சுற்றிலே தோற்றவளுக்குப் பெரும்பாலும் வந்த செலவும் தேறாது.

இந்நிலையிலிருந்துதான் 1998 ஆம் ஆண்டு, தம் இருபத்தோராம் வயதில், மெல்பேர்ண் நகரில் அவுஸ்திரேலியப் போட்டியின் முதற் சுற்றில் இத்தாலிய வீராங்கனை குளோரியா பிட்சிக்கினியை நிருபமா வென்றார். 1934 இலே லீலா ராவ் என்னும் இந்தியப் பெண் விம்பிள்டனில் ஒரு சுற்று வென்றதுண்டு. எனினும் 1968 இல் தொழில்முறை ஆட்டக்காரருக்கும் பெரும் போட்டிகளின் வாயில் திறக்கப்பட்ட பின்னர், அவற்றின் ஒற்றையர் ஆட்டத்தில் ஒரு சுற்றை வென்ற முதல் இந்தியப் பெண் நிருபமாவே. அதே ஆண்டு பாங்கொக் ஆசிய விளையாட்டு விழாவில் மகேஷ் பூபதியுடன் கலப்பு இரட்டையரில் வெண்கலப் பதக்கம் பெற்றார். 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் மனிஷா மல்கோத்ராவுடன் இரட்டையர் ஆடினார். ஆட்டத்தினின்று விலகித் தாயான பின்பும், 2010 இல் டெல்லியில் நடந்த பொதுநலவாய விளையாட்டு விழாவுக்காக மீண்டும் மட்டையை எடுத்தார்.

“முதலாவதாக வராத ஒன்றுக்கு இத்தனை பொருளும் காலமும் எதற்கு?” என்று பெரியோர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. இத்தொழிலால் வளமாக வாழ்வோர் மிகச் சிலர் என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால், 128 பேர் ஆடும் போட்டியில் 127 பேர் தோற்றே ஆகவேண்டும். அந்த 127 பேரும் வீணர் என்றால் வென்றவளின் வெற்றிக்குத்தான் என்ன மதிப்பு? 2005 இல் சானியா மிர்சா அமெரிக்கப் போட்டியில் நான்காம் சுற்றை எட்டி, 2007 இல் உலகின் 27 ஆம் இடத்துக்கு உயர்ந்தார். அவருக்கு முன்னே, நம்மவராலும் உள்ளே போய் ஒரு சுற்று வெல்ல முடியும் என்று காட்ட ஒருத்தி இருந்தாள் அன்றோ?

இனி நம் ஊரைப் பார்ப்போம். தம்பி மாலை இருளும்வரை மக்கெய்சர் மைதானத்தில் உதைபந்து ஆடுகிறான். பள்ளி வலைப்பந்தாட்டக் குழுவில் ஓடியாடிய அக்காளோ சாதாரண தரப் பரீட்சை நெருங்கியதும் வீட்டுக்குள் நிறுத்தப்படுகிறாள். பரீட்சை முடிந்த பின்பும் அவளை யாரும் மைதானத்துக்கு அழைப்பதில்லை. “மாகாணத்தில் முதலாவதாக வந்தாயா? இல்லையே, பிறகென்ன?” என்ற ஒரு வார்த்தையில் எல்லாம் முடிந்துவிடுகிறது. எல்லாப் பெண்களையும் தொழில்முறை ஆட்டக்காரிகள் ஆக்குங்கள் என்று நாம் கேட்கவில்லை. முதலிடம் வராதவளும் ஆடலாம் என்று ஒப்புக்கொள்ளுங்கள் என்றே வேண்டுகிறோம்.

சங்கத்தார் முன் இரு வேண்டுகோள்களை வைக்கிறோம். வாரத்தில் ஒரு மாலையேனும் பெண்பிள்ளைகளுக்கென மைதானம் பெற்றுத் தருக. தாய்மார் இருவர் துணைக்கு வந்தாற் போதும். அடுத்த ஆண்டு விழாவில், வென்றவருக்குக் கிண்ணம் வழங்கும் அதே மேடையில், ஆண்டு முழுவதும் தவறாது பயிற்சிக்கு வந்த ஒரு பெண்ணுக்கும் பரிசு வழங்குக. அவள் எத்தனையாம் இடத்தில் நிற்கிறாள் என்று அன்று யாரும் கேட்க வேண்டாம்.