தண்ணீர் வழிகிற கண்ணும் வறண்ட கண்ணாக இருக்கலாம்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் கண் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கல்லூரியில் பி.யூ.சி. படித்துவிட்டு மருத்துவம் படிக்கப் போனவன் நான். “ஏதாவது உபயோகமா பேசுங்க டாக்டர்” என்று செயலாளர் சொன்னார். முன் வரிசையில் அறுபதைத் தாண்டிய என் செட் உட்கார்ந்திருக்கிறது. பின் வரிசையில் செல்போனும் கையுமாக மாணவர்கள். இந்த இரண்டு தரப்புக்கும் பொதுவான தொல்லை ஒன்று உண்டு. அதுதான் கண் வறட்சி.

என்னிடம் வருகிறவர்கள் யாரும் “கண் வறண்டு போச்சு” என்று சொல்லி வருவதில்லை. “மணல் போட்ட மாதிரி உறுத்துது”, “சாயங்காலம் ஆனா எரியுது”, “படிக்கும்போது எழுத்து மங்குது, இமையைக் கொட்டினா தெளியுது” என்பார்கள். பலர் “தண்ணி கொட்டுது டாக்டர்” என்பார்கள். தண்ணீர் கொட்டுகிற கண் எப்படி வறண்ட கண் ஆகும்? இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி.

கண்ணீரில் என்ன இருக்கிறது?

கண்ணீர் வெறும் உப்புத் தண்ணீர் இல்லை. கருவிழியோடு அதை ஒட்ட வைக்கக் கோழை, நடுவே நீர், மேலே மெல்லிய எண்ணெய். ரசத்தின் மேல் மிதக்கிற நெய்யை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணெய்தான் நீர் ஆவியாகாமல் காக்கிறது. அது இமை ஓரத்தில் உள்ள மைபோமியன் சுரப்பிகளிலிருந்து வருகிறது. இவற்றை மைபோம் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1666-லேயே விவரித்து எழுதியிருக்கிறார்.

அந்தச் சுரப்பி அடைத்துக்கொண்டால் எண்ணெய் குறையும், நீர் சீக்கிரம் ஆவியாகும், கருவிழி காயும். உடனே மூளை, “கண்ணுக்கு ஆபத்து” என்று நீர்ச் சுரப்பியை முடுக்கிவிடும். தண்ணீர் கொட்டும். ஆனால் கட்டாந்தரையில் பெய்த மழை மாதிரி ஓடிப் போகுமே தவிர, கண்ணில் நிற்காது. கண்ணீர்ப் பாதை அடைப்பு போன்ற வேறு காரணங்களாலும் நீர் வடியலாம். எது என்று பரிசோதித்துத்தான் சொல்ல வேண்டும்.

யாருக்கு வரும்?

வயது ஏற ஏற வரும். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு அதிகம். சளி, அரிப்புக்குப் போடும் சில மாத்திரைகளும், மன அழுத்தத்துக்கான சில மருந்துகளும், முகப்பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயினும் கண்ணைக் காய வைக்கும். காண்டாக்ட் லென்ஸ் போடுவோர்க்கும், லேசிக் செய்துகொண்டோர்க்கும் வரலாம்.

மாணவர்களே, உங்கள் காரணம் வேறு. சாதாரணமாக நாம் நிமிடத்துக்குச் சுமார் 15 தடவை இமை கொட்டுகிறோம். திரையைப் பார்க்கும்போது அதில் பாதிகூட கொட்டுவதில்லை. கொட்டுகிறதும் அரைகுறைதான். இமை முழுக்க மூடினால்தான் எண்ணெய் வெளியே வந்து பரவும்.

கண்ணோடு வாயும் வறண்டு, மூட்டு வலியும் இருந்தால் அலட்சியம் கூடாது. ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஷோகிரன் 1933-இல் விளக்கிய நோயாக இருக்கலாம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பிகளைத் தாக்குகிற நோய் அது. ரத்தப் பரிசோதனையும் மூட்டுவாத நிபுணரும் தேவை.

பரிசோதனையும் பராமரிப்பும்

ஷிர்மர் சோதனை 1903-இல் வந்தது, இன்றும் செய்கிறோம். 5 மி.மீ. அகலமுள்ள வடிதாள் துண்டைக் கீழ் இமையில் மாட்டி 5 நிமிடம் வைப்போம். 5 மி.மீ. கூட நனையவில்லை என்றால் நீர்ச் சுரப்பு மிகவும் குறைவு என்று பொருள்.

வீட்டில் என்ன செய்யலாம்? சுத்தமான துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய கண்மேல் ஐந்து முதல் பத்து நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். ஆறினால் திரும்ப நனையுங்கள். பிறகு இமை ஓரத்தை மெதுவாக நீவிவிடுங்கள். உறைந்த எண்ணெய் இளகும். ஒரு நாளில் பலன் தெரியாது, வாரக்கணக்கில் விடாமல் செய்யணும். மின்விசிறி, ஏ.சி. காற்று நேராக முகத்தில் படாமல் உட்காருங்கள். வண்டி ஓட்டும்போது ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை திரையை விட்டுத் தூரத்தில் பார்த்து, நன்றாக இமை கொட்டுங்கள். செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்து உதவும். ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் தேவைப்பட்டால், பதப்படுத்தும் ரசாயனம் கலக்காததைக் கேளுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், தேன் எதையும் கண்ணில் விட வேண்டாம். கிருமி போய்ச் சேர்ந்தால் கருவிழியில் புண் வரும்.

கடைசியாக, முக்கியமாக

“கண்ணு செவந்திருக்கு, ஒரு சொட்டு மருந்து குடுங்க” என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குகிற பழக்கம் நம் ஊரில் நிறைய. அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். போட்ட மறுநாளே கண் பளிச்சென்று ஆகிவிடும், அதனால்தான் ஜனங்களுக்கு அதன்மேல் நம்பிக்கை. மாதக்கணக்கில் போட்டால் சிலருக்குக் கண்ணின் அழுத்தம் ஏறும். வலி இருக்காது, தெரியவும் தெரியாது. பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். ஸ்டீராய்டால் வருகிற கண்புரையை அறுவை சிகிச்சையில் சரி செய்துவிடலாம். போன நரம்பை எந்த டாக்டராலும் திருப்பித் தர முடியாது. வெறும் உறுத்தலுக்கு மருந்து வாங்கப் போய்ப் பார்வையை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நாங்களே சில சமயம் ஸ்டீராய்டு எழுதிக் கொடுப்போம். ஆனால் அழுத்தத்தை அளந்து பார்த்து, இத்தனை நாள் என்று கணக்கு வைத்துத்தான் தருவோம்.

ஆகவே இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். அலமாரியில் உள்ள சொட்டு மருந்துப் புட்டிகளை எடுத்துப் பாருங்கள். திறந்து ஒரு மாதம் ஆனதைத் தூக்கிப் போடுங்கள். யார் எழுதிக் கொடுத்தது என்று தெரியாத மருந்தைப் போட்டுக்கொண்டிருந்தால், புட்டியோடு கண் மருத்துவரிடம் போய்க் கண் அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வலி, வெளிச்சம் பார்த்தால் கூச்சம், பார்வைக் குறைவு இருந்தால் அன்றைக்கே போங்கள்.