உன் பெயர் என்ன?



சில வாரங்களுக்கு முன் ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து சக்கிறீஸ்தியில் திருவுடைகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பீடச் சிறுவர்கள் இரண்டு பேர் மல்யுத்த வீரர்களின் படம் போட்ட சீட்டுகளை வைத்துக்கொண்டு, யார் பெரிய ஆள் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் திடீரென என்னிடம் திரும்பி, "சாமி, ராக் ரிங்குக்கு வந்த புதுசுல எல்லாரும் அவரைத் திட்டுனாங்களாமே, ஏன் சாமி?" என்று கேட்டான். குருமடத்தில் எங்களுக்கு இந்தப் பாடம் நடத்தவில்லை. தெரியாது என்று சொல்லவும் கூச்சமாக இருந்தது. "அடுத்த வாரம் சொல்றேன்டா" என்று அனுப்பிவிட்டு, அந்த வாரம் முழுவதும் மல்யுத்தக்காரர்களின் கதைகளைத் தேடிப் படித்தேன்.

ராக் என்பது டுவெய்ன் ஜான்சன். இன்று உலகறிந்த சினிமா நடிகர். அவருடைய தந்தை ராக்கி ஜான்சன் கனடா நாட்டுக்காரர். 1983-இல் டோனி அட்லஸுடன் சேர்ந்து இரட்டையர் பட்டம் வென்றார். அந்தப் பட்டத்தை வென்ற முதல் கறுப்பின ஜோடி அவர்கள்தான். தாய்வழித் தாத்தா பீட்டர் மைவியா சமோவாத் தீவுக்காரர். அவரும் பேர்பெற்ற மல்லர். இப்படிப்பட்ட குடும்பத்துப் பிள்ளை நேராக மல்யுத்தத்துக்கு வரவில்லை. கால்பந்து ஆட்டக்காரராக வேண்டும் என்பதே கனவு. நாம் ஆடும் கால்பந்து அல்ல, தலைக்கவசம் போட்டுக்கொண்டு மோதும் அமெரிக்க வகை. 1995-இல் கனடாவின் கால்கரி அணி அவரைக் கழித்துவிட்டது. பையில் ஏழு டாலரோடு பெற்றோர் வீட்டுக்குத் திரும்பினார். 23 வயது.

அப்போதுதான் அப்பாவிடம் போய், எனக்கும் மல்யுத்தம் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டார். அப்பாவுக்குத் துளியும் விருப்பமில்லை. அந்த வாழ்க்கையின் நீண்ட பயணங்களும் காயங்களும் அவருக்குத் தெரியும். கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்: மகன் என்று சலுகை காட்டமாட்டேன். எனக்கு இந்த அப்பாவை மிகவும் பிடித்துப்போயிற்று.

1996 நவம்பரில் நியூயார்க் நகரின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் அந்த இளைஞர் பெரிய மேடை ஏறினார். நிறுவனம் அவருக்கு வைத்த பெயரைக் கவனியுங்கள். அப்பா பெயரில் பாதி, தாத்தா பெயரில் பாதி: ராக்கி மைவியா. அந்தப் பெயரை ஏற்க அவருக்கே தயக்கம் இருந்தது. ஆனாலும் மூன்றாம் தலைமுறை வீரர் என்று முழங்கி அனுப்பினார்கள். எப்போதும் சிரித்த முகம், நல்ல பிள்ளை. அடுத்த பிப்ரவரியில் ஒரு பெரிய பட்டமும் கையில். மார்ச்சில் நடந்த ரெசில்மேனியாவில் அப்பாவே ரிங்குக்குள் வந்து மகனுக்குத் துணை நின்றார்.

கூட்டமோ அவரைப் பார்த்துக் கூச்சலிட்டது. செத்துப் போ என்றுகூடக் கோஷம் போட்டார்கள். இந்த மல்யுத்தத்தில் யார் வெல்வது, யார் விழுவது என்பதெல்லாம் முன்பே பேசி முடிவு செய்யப்பட்டவை. பெரியவர்களுக்கு அது தெரியும் (சிறுவர்களிடம் நான் சொல்லவில்லை). ஆனால் அந்தக் கூச்சலை யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. அது நிஜம். இவர் அப்பாவின் பெயரையும் தாத்தாவின் பெயரையும் சுமந்து வந்திருக்கிறார், இவர் யார் என்றே எங்களுக்குத் தெரியவில்லையே என்று அந்த மக்கள் முரட்டுத்தனமாகக் கேட்டார்கள். முழங்காலில் அடிபட்டுச் சில மாதம் ஒதுங்கியிருந்துவிட்டு, அதே ஆண்டு ஆகஸ்டில் திரும்பி வந்தபோது அவர் சிரிக்கவில்லை. ஒலிவாங்கியைப் பிடித்து, தன்னைத் திட்டிய கூட்டத்தோடு நேருக்கு நேர் தன் வாயால் பேசினார். கொஞ்ச நாளில் ராக்கி மைவியா மறைந்து, ராக் பிறந்தார்.

இதே தொழிலில் இன்னொரு குடும்பமும் உண்டு. அவர்களைச் சொல்லாமல் விட்டால் நான் பாதி உண்மையைத்தான் சொன்னவனாவேன். டெக்சாஸ் மாநிலத்தில் ஃபிரிட்ஸ் வான் எரிக் என்ற பெயரில் ஆடியவருக்கு ஆறு ஆண் பிள்ளைகள். மூத்தவன் சிறுவயதிலேயே விபத்தில் இறந்தான். மற்ற ஐந்து பேரும் அப்பாவின் வழியிலேயே ரிங்குக்குள் போனார்கள். டேவிட் 1984-இல் ஜப்பானில் இறந்தார், வயது 25. மைக், கிறிஸ், கெரி மூவரும் 1987-க்கும் 1993-க்கும் இடையில் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டார்கள். கிறிஸுக்கு ஆஸ்துமா; எலும்புகளும் பலவீனம். அந்த உடம்போடு அவரும் ரிங்கில் ஏறினார். இன்று இருப்பவர் கெவின் ஒருவரே. வான் எரிக் என்பதே அப்பா தொழிலுக்காக வைத்துக்கொண்ட பெயர். வீட்டுப் பெயர் ஆட்கிசன். எல்லாவற்றுக்கும் தந்தையே காரணம் என்று தீர்ப்பிட நான் துணியமாட்டேன். தீர்ப்பிட வேண்டியவர் ஒருவர் இருக்கிறார். அந்தச் சகோதரர்களுக்காக அன்று பூசையில் செபித்தேன்.

இதெல்லாம் எனக்கு ஏன் இப்படி உறைத்தது என்றால், நானும் ஒரு பெயரின் நிழலில் வந்தவன்தான். என் பெரியப்பா குருவானவர். நாலு மறைமாவட்டத்தில் அவருடைய பிரசங்கத்துக்குக் கூட்டம் கூடும். குருமடத்தில் எனக்குப் பெயரே கிடையாது, 'இன்னார் தம்பி மகன்' என்றுதான் அழைப்பார்கள். குருப்பட்டம் பெற்ற புதிதில் அவரைப் போலவே குரலை ஏற்றி இறக்கி, அவரைப் போலவே நடுவில் நிறுத்தி, கண்ணை மூடிப் பிரசங்கம் வைப்பேன். ஒரு கிளைக் கிராமத்தில் பூசை முடிந்ததும் ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரியசாமி வந்து நின்ன மாதிரியே இருந்துச்சுய்யா. ஒங்க கொரலை எப்பக் கேப்போம்?" என்றாள். அன்று இரவு நான் சாப்பிடவில்லை. அந்தப் பாட்டிக்கு நான் பட்ட கடன் இன்னும் தீரவில்லை.

திருவிவிலியத்தில் மல்யுத்தம் என்றதும் யாக்கோபுதான் நினைவுக்கு வருவார். தொடக்கநூல் 32-ஆம் அதிகாரம், யாபோக்கு ஆற்றங்கரை, இரவு. விடியும்வரை ஒருவர் அவரோடு மல்லுக்கு நிற்கிறார். இடுப்புச் சந்து விலகியும் யாக்கோபு பிடியை விடவில்லை. ஆசி தந்தால்தான் விடுவேன் என்கிறார். பதிலாக வருவது ஒரு கேள்வி: உன் பெயர் என்ன?

கடவுளுக்கு அவர் பெயர் தெரியாதா? ஐந்து அதிகாரம் பின்னால் போங்கள். கண் தெரியாத தந்தை ஈசாக்கின் முன் அண்ணனின் உடையைப் போட்டுக்கொண்டு, கையில் ஆட்டுத்தோலைச் சுற்றிக்கொண்டு நின்றபோதும், நீ யார் என்ற கேள்விதான் வந்தது. அன்று ஏசா என்றார். அண்ணனின் பெயரைச் சொல்லி ஆசியை வாங்கிக்கொண்டார். அதன்பின் ஊரைவிட்டு ஓடி, ஏறத்தாழ 20 ஆண்டுகள் அந்நிய இடத்தில் கிடந்தார். இப்போது அதே கேள்வி இருட்டில் திரும்ப வருகிறது. இந்த முறை 'யாக்கோபு' என்கிறார். ஏமாற்றியவன் என்று ஊரெல்லாம் அறிந்த அந்தப் பெயரைத்தான் சொல்கிறார். புதுப் பெயரும் ஆசியும் அதற்குப் பிறகுதான் கிடைக்கின்றன. விடிந்ததும் நொண்டிக்கொண்டே போய், யாருடைய பெயரை எடுத்துக்கொண்டாரோ அந்த அண்ணன் முன் நிற்கிறார். ஏசா ஓடிவந்து கட்டிக்கொள்கிறார்.

அடுத்த ஞாயிறு அந்தச் சிறுவனைக் கூப்பிட்டு ராக் கதையைச் சொன்னேன். 2008-இல் மல்யுத்தப் புகழ்வீரர் வரிசையில் அப்பாவையும் தாத்தாவையும் சேர்த்தபோது, மேடையேறி அவர்களைப் பெருமைப்படுத்தியவர் டுவெய்ன்தான் என்றும் சொன்னேன். அந்தப் பெயர்களை அவர் இறக்கி வைத்து 10 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அவருடைய மூத்த மகளும் 2022-இல் ரிங்குக்கு வந்துவிட்டாள். ராக் என்றோ ஜான்சன் என்றோ பெயர் வைத்துக்கொள்ளவில்லை. ஏவா என்று தானே ஒரு பெயரைத் தேர்ந்துகொண்டாள்.

பையன் கொஞ்ச நேரம் யோசித்தான். "அவங்க அப்பா கோவிச்சுக்கலையா சாமி?" என்றான். அவனுடைய அப்பா எங்கள் பாடகர் குழுவின் தலைவர். ஆர்மோனியத்தை மூடி வைத்துவிட்டு, கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.