ஆறில்லா நாட்டின் வரைபடம்



யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய நில அளவைப் படமொன்றை இன்று உங்கள் முன் விரிக்க விரும்புகின்றேன். ஒரு மைலை ஓர் அங்குலமாகச் சுருக்கிக் காட்டும் படம் அது. தென்னிலங்கைத் தாள்களில் நீலக் கோடுகள் நரம்புகள் போலப் பின்னிக் கிடக்கும். நமது தாளிலோ வழுக்கையாறு ஒன்றே மெல்லிய கோடாய்த் தெரியும்; அதுவும் மாரியில் மட்டும் ஓடுவது. தொண்டைமானாறு பெயரளவில் ஆறு. உண்மையில் அது கடல்நீரேரி.

ஆற்றங்கரையிலேயே ஊர் பிறக்கும் என்று படித்தவர்கள் நாம். ஆறில்லாத வலிகாமத்தில் ஊர்கள் எவ்வாறு இத்துணை நெருங்கி நின்றன?

விடை காலடியில் இருக்கின்றது. மயோசீன் காலத்துச் சுண்ணக்கல்லே குடாநாட்டின் அடித்தளம். மழைநீர் அதன் வெடிப்புகளூடாக இறங்கி, கல்லைக் கரைத்துப் பொந்துகளாக்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் வில்லை போல் மிதக்கின்றது. நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதனாலேயே. கீரிமலையில் அந்நீர் கடலோரத்து ஊற்றாய் வெளிப்படுகின்றது.

தோண்டிய இடத்தில் நீர் கிடைத்தமையால் குடிகள் ஒரு கரையை நாடி வரிசைகட்டவில்லை. வளவுக்கொரு வேலி, கிணறு, துலா எனப் பரந்தன. கோப்பாய், உரும்பிராய், சுன்னாகம் எனச் செம்பாட்டு மண் உள்ள ஊர்களில் தோட்டம் செழித்தது. தாழ்நிலம் வயலுக்கும் குளத்துக்குமானது. காணி உறுதிகளில் கிணற்றுப் பங்கும் எழுதப்பட்டது. படத்தில் நாம் காணும் ஊர், நிலத்தடி நீரின் நிழலே.

அந்நீர் இன்று நலிவுற்றிருக்கின்றது. அளவிறந்து இறைத்தால் உவர் மேலேறும். மழையை உள்வாங்கும் அதே வெடிப்புகள் பசளையின் நைத்திரேற்றையும் மலக்குழிக் கழிவையும் உள்வாங்குகின்றன. காங்கேசன்துறையில் சீமெந்துக்காகக் கல்லகழ்ந்த பள்ளங்கள் இருக்கின்றன. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோர் பல்லாண்டுகளின் பின் மீண்டபோது, வீடும் வேலியும் அழிந்த வளவைச் சிலருக்கு அடையாளம் காட்டியது கிணற்றுக்கட்டே.

கவிஞர்களே, நம் கவிதைகளில் எத்தனை ஆறுகள் கரைபுரண்டு ஓடுகின்றன! நானும் அவ்வாறு எழுதியவனே. இப்படத்தைக் கண்டபின் அவ்வரிகள் எனக்கே அந்நியமாய்த் தோன்றின. நம்மை வாழவைத்த நீர் ஓசையின்றி, கண்காணாமல், கல்லுக்குள் இருந்தது. அதைப் பாடாத நாம் அதைக் காக்கவும் மறந்தோமோ என்று அஞ்சுகின்றேன். வரைபடம் காட்டாத அந்நீருக்கு நம் மொழியில் ஓர் இடம் அளிப்போம்.